முறுக்குக் கூடிய விசிறி

புதிய விசிறி சிங்கப்பூரிலிருந்து வைக்கோல் அடைத்த மரப்பெட்டியில் வந்தது. படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் சுற்றி, படகை முன்னால் தள்ளுகிற வெண்கல விசிறி. மலாய்க்காரர்கள் அதைக் கிப்பாஸ் என்பார்கள். அத்தான் அதை எடுத்துக் கொட்டகை வாசலில் சாக்கின் மேல் வைத்தார். பழைய விசிறியின் மூன்று இதழ்களும் லேசாகத்தான் சாய்ந்திருக்கும். இதில் ஒவ்வொரு இதழும், கழுத்தைத் திருப்பி முதுகுக்குப் பின்னால் பார்க்கிற ஆளைப் போல முறுக்கிக்கொண்டிருந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்க்கவே நல்லா இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ரப்பர் விலை விழுந்த வருஷம் அது. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள், பட்டறைகளில் ஆள் குறைத்தார்கள். ஊருக்குப் போக விரும்புகிறவர்களுக்கு நாகப்பட்டினம் வரை சர்க்கார் இலவசக் கப்பல் விட்டது. விரும்பாதவர்களும் அதில் ஏறினார்கள்.

என் அத்தான் அய்யாவு ரயில் இஞ்சின் பட்டறையில் பிட்டராக இருந்தவர். வேலை போனதும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த ரயில்வே வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். எங்கள் அப்பா அம்மா இறந்தபின் சின்னப் பெண்ணான நான் அக்கா வீட்டில்தான் வளர்ந்தேன். வீடு போனபோது என் பள்ளிக்கூடமும் போயிற்று. நாங்கள் கிள்ளானுக்கு வந்தோம். ஆற்றங்கரையில் மார்ட்டன் துரையின் படகுக் கொட்டகை இருந்தது. அதன் பின்பக்கத்து அறையில் எங்களைக் குடியிருக்கச் சொன்னார்கள். அத்தானோடு வேலை இழந்த கன்னையா அண்ணன் கொட்டகைக்குள்ளேயே படுத்துக்கொண்டார்.

துரை பண்டமாரான் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மானேஜர். பந்தயத்துக்கென்றே ஒரு படகு கட்டி வைத்திருந்தார். பலகை அவ்வளவு மெல்லியது. உள்ளே விளக்கு வைத்தால் வெளியே தெரியும் என்று கன்னையா அண்ணன் கேலி செய்வார். வருஷா வருஷம் தோட்டத் துரைகள் ஆற்று முகத்திலிருந்து எதிரே இருக்கிற தீவைச் சுற்றி வந்து போர்ட் ஸ்வெட்டன்ஹாம் படகுத்துறையான ஜெட்டியைத் தொடும் பந்தயம் நடத்துவார்கள். நம்முடைய துரை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. இந்த முறை படகைச் சரியாக ஓடவைத்துக் கொடுத்தால் அத்தானுக்கு நிலையான வேலையும் வீடும் என்று சொல்லியிருந்தார். இல்லையென்றால் எங்களுக்கும் கப்பல்தான்.

அக்காவுக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. கப்பல் தளத்தில் சாக்கை மறைப்பாகக் கட்டிப் பிள்ளை பெற்றவர்களைப் பற்றித் துறைமுகத்தில் கதை கதையாகச் சொல்வார்கள். அதில் பாதிப் பிள்ளைகள் கரையைப் பார்ப்பதில்லை என்பார்கள். அக்கா பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்தவள். நாகப்பட்டினம் அவளுக்கு வெறும் பெயர். என்ன ஆனாலும் கப்பல் ஏறமாட்டேன் என்று அவள் அத்தானிடம் சொல்லியிருந்தாள். அத்தானும் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

ஓதம் இறங்கி ஆற்றில் தண்ணீர் வற்றும்போது படகு சேற்றில் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும். அப்போதுதான் விசிறியை மாற்ற முடியும். அத்தானும் கன்னையா அண்ணனும் முழங்கால் சேற்றில் நின்று மாற்றினார்கள். பழுது பார்த்த ரயில் இஞ்சினை முதல்முறை நகர்த்தும்போது சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது பட்டறை வழக்கம். சக்கரமில்லாத வண்டிக்குப் பழத்தை எங்கேடா வைப்பது என்று கன்னையா அண்ணன் தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு இரண்டு இதழ்களுக்கு நடுவில் செருகி வைத்தார். தண்ணீர் ஏறியதும் இஞ்சினைக் கிளப்பினார்கள். பழம் நசுங்காமல் மேலே வந்து மஞ்சளாக மிதந்தது. நீரோட்டத்தில் எங்களைத் தாண்டிப் போயிற்று. வேறொன்று வைக்கலாமா என்று கன்னையா அண்ணன் கேட்பதற்குள் படகு நகர்ந்துவிட்டது.

பழைய விசிறியோடு அந்த இஞ்சின் மெல்லிய குரலில் கத்தும். புதியதோடு அது கத்தவில்லை. அடித்தொண்டையில் உறுமியது. சரக்கு ரயில் ஏற்றத்தில் ஏறும்போது வருமே, ஒவ்வொரு அடியும் நெஞ்சில் விழுவது போல, அந்தச் சத்தம். பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அதிரும். அதைக் கேட்டுக்கொண்டேதான் நாங்கள் தூங்கினோம், எழுந்தோம். எனக்குமே அது நல்ல சத்தமாகத்தான் பட்டது. கன்னையா அண்ணன் கரையில் நின்று தொடையைத் தட்டினார். இதுதான் இழுப்பு, முன்பு கத்தியதெல்லாம் வெறும் வழுக்கல் என்றார். ரயில் இஞ்சினின் சக்கரம் சரசரவென்று சுற்றினால் தண்டவாளத்தில் வழுக்குகிறது என்று அர்த்தம். மெதுவாக, கனமாகச் சுற்றினால் பாரத்தை இழுக்கிறது. பட்டறை ஆட்களுக்கு இது சோறு தண்ணீர் போல.

துரை அன்றைக்கே படகில் ஏறி ஆற்றில் ஒரு சுற்றுப் போய்வந்தார். படகு கிளம்பத் தாமதித்தது. மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் அழுந்தி, பெரிய அலையை இழுத்துக்கொண்டே போனது. பிறகு மெல்ல மேலே எழும்பி வழுக்கிக்கொண்டு ஓடியது. துரை முகமெல்லாம் சிவந்து இறங்கினார். தன் நெஞ்சைத் தட்டிக் காட்டி, சத்தம் இங்கே கேட்கிறது என்று மலாயில் சொன்னார். அத்தானின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலை உனக்குத்தான், பந்தயம் முடிந்ததும் கரை மேலே இருக்கிற வீட்டுக்குப் போய்விடு என்றார். அக்கா அன்று பாயசம் வைத்தாள்.

வல்லிபுரம் மட்டும் சந்தோஷப்படவில்லை. அவர் துரையின் கணக்கெழுதும் கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டும் குடையுமாக வருவார். இஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் முள்ளைத் துரைக்காகக் குறித்துக்கொள்வது அவர் வேலை. இஞ்சின் செய்தவர்கள் சொன்ன சுற்றில் முக்கால் பங்குகூட வரவில்லை என்று கண்டார். மறுநாள் ஒரு மர ஆணியைக் கொண்டுவந்தார், திருகி இறக்குகிற ஆணி. அதன் முறுக்கை அத்தானிடம் காட்டினார். முறுக்குச் சரிவு அதிகமான ஆணி ஒரு திருப்புக்கு அதிக ஆழம் இறங்கும், ஆனால் திருப்புகிற கைக்கு அந்தப் பலம் வேண்டும் என்றார். அத்தான் ஆணியைக் கையில் வாங்கவில்லை.

"இஞ்சினுக்கு மூச்சு முட்டுது, அய்யாவு," என்றார் வல்லிபுரம். "நீராவி இஞ்சின் மெதுவாய்ச் சுத்தினாலும் தள்ளும். இது பெற்றோல் இஞ்சின். சுத்தினால்தான் இதுக்குப் பலம். பழைய விசிறியைத் திருப்பிப் போடும். நான் சொல்லுறன், கேளும்."

"பேனாவுக்கு மூச்சு முட்டினா நீங்க சொல்லுங்க சார், கேட்டுக்கறேன்," என்றார் அத்தான்.

கன்னையா அண்ணன் சிரித்தார். வல்லிபுரம் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அவர் ரயில்வேயில் வேலை பார்த்தவரே இல்லை. ஆனால் பட்டறையில் ஆள் குறைத்த அன்று ஒவ்வொரு பெயராக வாசித்தவரும் ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணி. அதே கோட்டு, அதே குடை. அத்தானுக்கு அதற்குப் பிறகு எல்லாக் கிராணிகளும் ஒரே ஆள்தான்.

அதன் பிறகு தினமும் படகை ஓட்டிப் பார்த்தார்கள். படகு கரைக்கு வரும் முன்பே பொசுங்கிய பெயிண்ட் வாடை வரும். புகைக்குழாயை ஒட்டியிருந்த பலகையில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. அத்தான் குழாயைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டினார். அடுத்த நாள் சாக்குக் கருகிப்போய் வந்தது. இஞ்சின் ஆறுவதற்கு அதிக நேரம் பிடித்தது. நின்ற பிறகும் உள்ளே எதுவோ டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே இருக்கும். அக்கா கதவைச் சாத்திக்கொள்வாள்.

இஞ்சின் துடைத்த துணிகளைச் சோடாக்காரம் போட்டு வெந்நீரில் ஊறவைத்துத் துவைப்பது என் வேலை. ஒருநாள் அழுக்குத் தண்ணீரைக் கொட்டும்போது வாளியின் அடியில் வெள்ளையாக மின்னியது. சேலைச் சரிகையைப் பொடி செய்து போட்டதுபோல அவ்வளவு அழகாக இருந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் விரலில் தொட்டு வெயிலில் பார்த்தாள். அந்த வழியாக வந்த கன்னையா அண்ணன் அவள் விரலைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து கேலியெல்லாம் போய்விட்டது. இது எந்தத் துணியிலிருந்து வந்தது என்று என்னிடம் இருமுறை கேட்டார்.

இஞ்சினுக்குள் சுற்றுகிற தண்டு வெள்ளை உலோக மெத்தையின் மேல் உட்கார்ந்திருக்குமாம். தாங்க முடியாத பாரம் விழுந்தால் அந்த மெத்தை அரைபட்டுப் பொடியாகி எண்ணெயில் வருமாம். ரயில் இஞ்சினில் இதைக் கண்டால் அதற்குமேல் ஓர் அடி நகர்த்தமாட்டோம் என்று கன்னையா அண்ணன் அக்காவிடம் சொன்னார். வாளியை எடுத்துக்கொண்டு அத்தானிடம் போனார். நாங்களும் பின்னால் போனோம்.

அத்தான் வாளியைப் பார்க்கவே இல்லை. தெரியும் என்றார். நாலைந்து நாளாகவே தெரியும். துணியைத் தானே அலசிவிட்டுத்தான் எனக்குப் போடுவாராம், அன்று மறந்துவிட்டார். கிராணி சொன்னது சரிதான் என்று அவருக்கு எப்போது விளங்கியது என்று யாரும் கேட்கவில்லை. அவர் இஞ்சின் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பந்தயம் முடியும்வரை தாங்கிவிடும், பிறகு மெத்தையை மாற்றிவிடலாம் என்றார்.

"பழைய விசிறி அங்கேயேதானே கிடக்கு," என்றாள் அக்கா. "துரைகிட்டச் சொல்லுங்க. மாத்திடுங்க."

"என்னன்னு சொல்றது? நீங்க நெஞ்சைத் தட்டிக்கிட்டுச் சந்தோஷப்பட்டீங்களே, அது தப்பான சத்தம்னா?"

"ஆமா. அப்படித்தான் சொல்லணும்."

"அந்தச் சத்தத்துக்குத்தாண்டி வேலை குடுத்தாரு, சீதா."

அக்கா அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. அடுத்த நாள் அத்தான் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு, துரை வரும் நேரத்துக்குக் கொட்டகை வாசலில் போய் நின்றார். சொல்லப்போகிறார் என்று எங்களுக்குத் தெரிந்தது. நான் பலகை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். துரை தனியாக வரவில்லை. பருமனான வெள்ளைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார். அத்தான் தொப்பியைக் கழற்றி வாயைத் திறந்தார். அதற்குள் துரை அவர் தோளில் கைபோட்டு அந்த வெள்ளைக்காரரிடம் என்னவோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். இஞ்சினைக் கிளப்பச் சொல்லித் துரை கையைக் காட்டினார். அத்தான் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்க் கிளப்பினார். அந்த உறுமலில் எங்கள் அறைச் சுவர் அதிர்ந்தது. பருமனான மனிதர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார், சங்கீதம் கேட்பதுபோல.

அக்கா கடைசியாக வல்லிபுரத்திடம் ஆள் அனுப்பினாள். அவர் ஏற்கனவே விசிறியைப் பற்றித் துரையிடம் சொல்லிவிட்டாராம். அய்யாவு நல்லது என்கிறான், அவன் இஞ்சின்காரன், நீ கணக்குப் பார் என்று துரை சொல்லிவிட்டாராம்.

பந்தயத்தன்று ஆறு நிறைந்து கிடந்தது. ஜெட்டியில் கொடி கட்டியிருந்தார்கள். வெள்ளைக்காரப் பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் அக்காவும் கன்னையா அண்ணனும் கூலிக்காரர்கள் நிற்கும் பக்கத்தில் நின்றோம். கிளம்பும் நேரத்தில் துரையின் பருமனான நண்பரும் சிரித்துக்கொண்டே எங்கள் படகில் ஏறினார். படகின் பின்பக்கம் ஒரு சாண் கீழே போயிற்று. கன்னையா அண்ணன் வேண்டாம், வேண்டாம் என்று தன் வாய்க்குள்ளேயே சொன்னார். துரை சுக்கானைப் பிடித்தார். அத்தான் இஞ்சின் குழிக்குள் இறங்கினார். அவர் தலை மட்டும் தெரிந்தது.

துப்பாக்கி வெடித்ததும் மற்ற படகுகள் கத்திக்கொண்டு பாய்ந்தன. எங்கள் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு, வாலை அழுத்திக்கொண்டு, தன் அலையிலேயே மாட்டிக்கொண்டு போயிற்று. முன்பெல்லாம் கொஞ்ச தூரத்தில் மேலே எழும்பிவிடும். அன்று எழும்பவில்லை. துரை கையை ஆட்டி இன்னும், இன்னும் என்று கேட்டது கரையிலிருந்தே தெரிந்தது. உறுமல் இன்னும் கனத்தது. பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்களுக்குப் பின்னால் படகு மறைந்தது. சத்தம் மட்டும் சேற்றையும் வேர்களையும் தாண்டி வந்துகொண்டிருந்தது. எங்களைச் சுற்றியிருந்தவர்கள் என்ன பலம் பார் என்று பேசிக்கொண்டார்கள். அக்கா வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள்.

கன்னையா அண்ணன் ஜெட்டியின் படிகளில் இறங்க ஆரம்பித்தார். கீழே ஒரு மலாய்க்காரரின் சம்பான் படகு கட்டியிருந்தது. அவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறுமலுக்குள் இன்னொரு சத்தம் வந்தது. இரும்பை இரும்பால் அடிப்பது போல. பிறகு எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் மரங்களைப் பார்த்தார்கள். அவற்றின் தலைக்கு மேலே கறுப்புப் புகை எழும்பியது.

அத்தானைச் சம்பானில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். உயிர் இருந்தது. கைகள் இரண்டும் முழங்கை வரை வெந்திருந்தன. இஞ்சினுக்குள் ஒரு தண்டு முறிந்து, அதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டதாம். கொதிக்கிற எண்ணெய் பீறிட்டுத் தீப்பிடித்ததாம். பெட்ரோல் குழாயின் திருகு தீக்குள் இருந்தது. அத்தான் வெறும் கையை உள்ளே விட்டு அதை மூடினாராம். மூடியிருக்காவிட்டால் மூன்று பேரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள்.

துரை ஆஸ்பத்திரிக்கே வந்தார். அத்தானின் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்துக் கண் கலங்கினார். தவறெல்லாம் இஞ்சினுடையது, இங்கிலாந்தில் செய்தவன் ஏமாற்றிவிட்டான் என்றார். விசிறி அற்புதமான விசிறி, அதைச் சுற்ற அந்த இஞ்சினுக்குத்தான் துப்பில்லை என்றார். வேலை உனக்குத்தான், உயிருள்ளவரை உனக்குத்தான் என்றார். அத்தான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். இப்போதாவது சொல்லுவார் என்று அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். அவர் மெல்லத் தலையை ஆட்டினார். தேங்க் யூ என்றார்.

அடுத்த வாரமே சிங்கப்பூரிலிருந்து கப்பலில் பெரிய பெட்டி வந்தது. சண்டைக்காலத்து ஏரோப்ளேன் இஞ்சின், யாரோ விற்றதைத் துரை தந்தி கொடுத்து வாங்கியிருந்தார். பழையதைவிட மூன்று மடங்கு பலமாம். ஆட்கள் முனகிக்கொண்டே அதைக் கொட்டகைக்குள் இழுத்தார்கள். கருகிய பலகைகளை எடுத்துவிட்டு, அதே மெல்லிய பலகையைப் புதிதாக அடித்தார்கள். விசிறியை யாரும் கழற்றவில்லை. வல்லிபுரம் வாசலோடு நின்று பார்த்தார். இந்த முறை அவர் அத்தானிடம் எதுவும் சொல்லவில்லை. அக்காவிடம்தான் சொன்னார்.

"விசிறிக்கு ஏத்த இஞ்சின் வந்திட்டுது, பிள்ளை. ஆனால் படகுக்கு ஏத்த இஞ்சின் இது இல்லை. பலகை பிரிஞ்சு போகும்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அத்தான் நேராகக் கொட்டகைக்குத்தான் போனார். கட்டுப்போட்ட கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, இதைப் பிடி, அதைத் திருப்பு என்று கன்னையா அண்ணனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கன்னையா அண்ணன் ஒரு நாள் செய்தார். மறுநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு கோலாலம்பூருக்கே போய்விட்டார். துரை வேறு இரண்டு பேரை வைத்துக்கொடுத்தார். சாப்பிட வந்தபோது அத்தானின் முகத்தில் பழைய வெளிச்சம் இருந்தது. அக்கா அவருக்குச் சோற்றை ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் சரியா அமைஞ்சிருக்கு, சீதா," என்றார். "இது அந்த விசிறியைச் சும்மா சுத்திடும். முழுச் சுத்தும் வரும், பாரு. மேல் வீட்டுச் சாவி குடுத்துட்டாங்க."

அக்கா அடுத்த கவளத்தை உருட்டினாள். ஊட்டி முடித்து, அவர் வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு தட்டைக் கழுவி வைத்துவிட்டு, என்னைச் சேலை மாற்றிக்கொண்டு வரச் சொன்னாள்.

கப்பலுக்குப் பெயர் எழுதுகிற லேபர் ஆபீசில் வரிசை கதவுக்கு வெளியே வெயிலில் நின்றது. எங்கள் முறை வந்தபோது மேசையில் இருந்தவர் அக்காவின் வயிற்றைப் பார்த்தார். இந்த நிலைமையில் கப்பலா என்று கேட்டார். அக்கா முதல் கப்பலிலேயே போகவேண்டும் என்றாள். மாமியார் வீட்டு ஊர்ப் பெயரைச் சொன்னாள். அந்த மாமியாரை அவள் பார்த்ததே இல்லை. தன் பெயரைச் சொன்னாள், என் பெயரைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டே, வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்டார்.

"அவருக்கு இங்க வேலை நிலைச்சிருச்சு," என்றாள் அக்கா.